இந்த வாரம் பார்க்கவில்லை

பொழுது விடியக் கொஞ்சம் இருக்கும்போதே டார்ச்சக்கா துறைமுகக் கிடங்கின் பழைய டயர் குவியலுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தாள். டயரின் உள்வளைவில் தேங்கிய தண்ணீரை டம்ளரால் மொள்ள முடியாது. அதற்கென்று நீளக் காம்புள்ள கரண்டி ஒன்று வைத்திருந்தாள். கரண்டியை உள்ளே விட்டு வழித்து, வெள்ளைத் தட்டில் ஊற்றி, மேலே டார்ச் அடிக்க வேண்டும். நெளிந்தால் புழு, நெளியாவிட்டால் குப்பை. ரப்பர் நாற்றமும் அழுகின இலை நாற்றமும் கலந்து தொண்டையில் கசப்பாகப் படிந்தது. நிமிர்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்று நிமிராமலே அடுத்த டயருக்கு நகர்ந்தாள்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. இடுப்பில் செருகிய டார்ச்சை வீட்டுக்குப் போனாலும் எடுக்க மாட்டாள், சோறு வெந்ததா என்று பானைக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பாள் என்று கூட வேலை பார்க்கும் நெட்டையன் கிளப்பிவிட்டான். அன்றிலிருந்து கொசு ஒழிப்பு ஷெட்டில் அவள் டார்ச்சக்காதான்.

அந்தக் கிடங்கின் டயர்கள் எல்லாம் கப்பலில் வந்தவை. எந்த நாட்டிலோ ஓடித் தேய்ந்தவை. அவற்றின் உள்வளைவில் ஒட்டிக்கொண்டு ஒரு புதுக் கொசுவின் முட்டைகளும் வந்து இறங்கியிருந்தன. கறுத்த உடம்பு, முதுகின் நடுவே நேராக ஒரு வெள்ளைக் கோடு. பட்டப்பகலில் கடித்துக் காய்ச்சலைப் பரப்பும். அந்தக் கொசுவை வந்தேறி என்று திட்டுகிறவர்கள் உண்டு. அது பாவம், டிக்கெட் வாங்கிக்கொண்டா வந்தது? பழைய டயரைக் குறைந்த விலைக்கு இறக்கியவன் லாபத்தோடு லாபமாக அதையும் இறக்கினான். கடி வாங்குகிற பாகம் மட்டும் ஊருக்கு.

அது துறைமுகத்தைத் தாண்டி ஊருக்குள் நுழைந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஓர் ஏற்பாடு இருந்தது. வீட்டுக் கொல்லைகளில் நிழலான மூலை பார்த்து ஒரு கறுப்புக் குவளை வைப்பார்கள். பாதி தண்ணீர், உள்விளிம்பில் ஒரு முரட்டுத் துணிப் பட்டை. கொசு தேடி வந்து துணியில் முட்டை வைக்கும். வாரம் ஒருமுறை போய்த் துணியை எடுத்துப் பூச்சி மேடத்திடம் கொடுக்க வேண்டும். சுகாதார அலுவலகத்தில் கொசுக்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து இனம் பிரிக்கிற அம்மாவுக்கு இவர்கள் வைத்த பேர் அது. துணியை எடுத்தபின் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டி, குவளையைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீரும் புதுத் துணியும் வைக்க வேண்டும். வைத்த கைதான் எடுக்க வேண்டும், வீட்டுக்காரர்கள் தொடக்கூடாது என்பது சட்டம். இரண்டு வாரம் யாரும் வராமல் போனால் பொறியாக வைத்த குவளையே கொசுவுக்குப் பிள்ளை வளர்த்துக் கொடுக்கும். அதனால் ஷெட்டில் அதற்குத் தொட்டில் என்று பேர். விளையாட்டாக வைத்த பேர்தான்.

மழை விட்டதும் காண்ட்ராக்டர் பாதிப் பேரை வேலையிலிருந்து நிறுத்தினார். "மழை நின்னாச்சு, கொசுவும் நின்னுடும். அப்புறம் எதுக்கு இத்தனை பேரு?" என்று கேட்டார். கொசுவிடம் பேசி முடித்துவிட்டவர் மாதிரி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார். மிச்சமிருந்தவர்கள் தலையில் இரண்டு ஆள் தெரு விழுந்தது. அதே காலை, அதே கால்கள், தெரு மட்டும் இரட்டிப்பு.

எதையாவது விட்டால்தான் மற்றதைப் பார்க்க முடியும் என்றானது. டார்ச்சக்கா கடைசி வரிசை வீடுகளை விட்டாள். அங்கேதான் புகையண்ணன் குடியிருந்தார். தோளில் புகை மிஷினைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாக மருந்து அடிக்கிறவர். கொசு ஒழிக்கிறவர் வீட்டுக்கே கொசு பார்க்கப் போவதா, கொல்லன் தெருவில் ஊசி விற்கவா என்று அவளே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். வேலை முடிந்து திரும்புகிற வழியில் அந்த வரிசையில் நின்று, கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் பார்த்ததற்கான கோடு மட்டும் போட்டுவிட்டுப் போவாள். புகையண்ணனின் மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து டீ கொடுப்பார். "கால் கடுக்குமே, உக்காந்து குடி" என்பார். டார்ச்சக்கா குடித்துவிட்டுப் போவாள். கொல்லைப் பக்கம் போக மாட்டாள். இப்படி மூன்று வாரம்.

டயருக்குள் குனிந்திருந்தவளை நெட்டையன் கூப்பிட்டான். ஓடி வந்திருந்தான்.

"அக்கா, தையல் அண்ணிக்குக் காய்ச்சலாம். ராத்திரி ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. ரத்தத்துல என்னமோ கொறைஞ்சுகிட்டே போகுதாம். அந்த வரிசையே காய்ச்சல்ல படுத்துக் கெடக்கு."

அவள் கையிலிருந்த தட்டு சாய்ந்து தண்ணீர் பாதத்தில் கொட்டியது. எந்த வீடு, எப்போதிருந்து என்று எதையும் அவள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது.

வரிசை வீடுகளின் பின்பக்கச் சந்து வழியாகப் போனாள். புகையண்ணன் வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குவளை அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. அதைச் சுற்றி மூன்று பக்கமும் செங்கல் அடுக்கியிருந்தது. பிள்ளைகள் பந்து விளையாடும்போது தட்டிவிடக் கூடாதென்று தையல் அண்ணி அடுக்கியது. சொந்த வீட்டுப் பொருள்போல அதைப் பாதுகாத்து வைத்திருந்தார், ஒருமுறைகூடத் தொடவில்லை. சட்டம் அப்படி. அவர் வீட்டில் சட்டத்தை மதிப்பார்கள்.

டார்ச் அடித்தாள். தண்ணீர் கொதிப்பதுபோல் புழு நெளிந்தது. மேலே, பறந்து போனவை விட்டுப்போன தோல்கள் உமியாக மிதந்தன. துணிப் பட்டை முட்டைகளால் கறுத்துக் கிடந்தது. விளிம்பில் ஒன்று உட்கார்ந்திருந்தது. முதுகில் நேரான வெள்ளைக் கோடு.

அவள் குவளையை எடுத்து மண்ணில் கவிழ்த்தாள். துணியை உருவிக் கசக்கி மடியில் செருகினாள். குவளையைத் தேய்த்துக் கழுவினாள், பையிலிருந்து புதுத் துணி வைத்தாள், பாதி தண்ணீர் ஊற்றினாள், செங்கலுக்குள் இருந்தபடியே வைத்தாள். எல்லாம் ஒழுங்காக, சட்டப்படி நடந்தது. கை செய்து முடித்த பிறகுதான் மனசு அதைப் பார்த்தது. புழுவை அழித்தது வேலை. ஆனால் அவள் அழித்தது புழுவை மட்டுமா? கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

பூச்சி மேடமும் காண்ட்ராக்டரும் ஜீப்பில் வந்து இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. மேடம் துவைக்கிற கல் பக்கத்தில் உறிஞ்சுகுழலால் கொசு பிடித்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டுப் பார்த்தார். முகம் மாறியது. "அதேதான். ஊருக்குள்ள வந்துடுச்சு" என்றார். பிறகு குவளையை எடுத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துணி வெள்ளையாக இருந்தது. "இதுல ஒண்ணுமே இல்லையே. அப்போ இங்க வளரல, கிடங்குலேர்ந்து பறந்து வந்திருக்குமோ?" என்று குழம்பினார்.

காண்ட்ராக்டர் கதவைத் திறந்து சாக்பீஸ் கோட்டைக் காட்டினார். "நம்ம ஆளு வாராவாரம் பாத்திருக்கு மேடம். தொட்டில், கிட்டில் எல்லாம் பளபளன்னு இருக்கு பாருங்க. இந்தம்மா மாதிரி ஆளுங்க இருக்கிறதாலதான் என் காண்ட்ராக்ட் ஓடுது." டார்ச்சக்காவைப் பார்த்துச் சிரித்தார். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவள் மடியைக் கையால் மூடிக்கொண்டாள்.

போர்வை எடுத்துப்போக ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புகையண்ணன் அந்த நேரம் பார்த்து வாசலில் நுழைந்தார். கண் சிவந்து, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். காண்ட்ராக்டரின் பார்வை கொல்லையில் மூடி விலகிக் கிடந்த தண்ணீர் டிரம்மில் விழுந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று அவருக்கு.

"இதோ! வேலியே பயிரை மேஞ்சிருக்கு மேடம். ஊரு பூரா கொசு அடிக்கிறவன், வீட்டுல டிரம்மைத் தெறந்து போட்டு வளத்திருக்கான்."

"சார், ராத்திரி அவளுக்கு மேலு துடைக்கத் தண்ணி எடுத்தேன். அந்த அவசரத்துல மூடல. எப்பவும் மூடித்தான் சார் இருக்கும்."

"கதை விடாதே. நாளைக்குக் காலைல மிஷினை ஒப்படைச்சிட்டுக் கெளம்பு. என் பேரைக் கெடுக்க ஒரு ஆளு போதும்."

புகையண்ணன் திரும்பி டார்ச்சக்காவைப் பார்த்தார். முழு நம்பிக்கையோடு பார்த்தார்.

"தங்கச்சி, நீ சொல்லும்மா. வாராவாரம் நீதானே பின்னாடி வந்து பாக்குறே. டிரம்முல என்னைக்காவது புழு இருந்துச்சா?"

"இல்லண்ணே" என்றாள். அதுவும் பொய்தான். அவள் எங்கே பார்த்தாள்?

"அண்ணன் தங்கச்சி பாசமெல்லாம் உங்க வீட்டோட வெச்சுக்குங்க" என்று காண்ட்ராக்டர் ஜீப்பில் ஏறினார்.

அன்று சாயங்காலம் டார்ச்சக்கா வீட்டில் சோறு ஆறிப்போய்க் கிடந்தது. லாரியில் லோடு ஏற்றப் போய்வந்த புருஷன் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தான். அவள் மடியிலிருந்த துணிப் பட்டையை எடுத்து அவன் முன்னால் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "வேணும்னா செஞ்சே? எத்தனை வீட்டைத்தான் ஒருத்தி பாப்பே? வாயைத் தெறந்தேன்னா வேலை போயிடும். எனக்கு வாரத்துல பாதி நாள் லோடு இல்ல. பாப்பா படிப்பு என்னாகும்?"

"தையல் அண்ணிக்கு ஏதாவது ஆயிட்டா?"

"கொசு கடிச்சதுக்கு நீ என்ன பண்ணுவே?"

"கொசுவை நான்தானேங்க வளத்தேன்" என்றாள். "மூணு வாரம் அவங்க கையால டீ குடிச்சேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எட்டிப் பாத்திருந்தா போதும். பத்தடி கூட இல்ல."

அவன் தட்டை ஒதுக்கிவிட்டுக் கை கழுவ எழுந்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்குக் குறுகுறுக்கவில்லை, நெஞ்சே கிழிந்தது. இரண்டு ஆள் தெருவை ஒரு ஆள் தலையில் கட்டியவனுக்கு அன்றைக்குச் சாப்பாடு ருசியாக இறங்கியிருக்கும். மனசாட்சியையும் அவன் கீழே இருக்கிறவர்களுக்குக் காண்ட்ராக்ட் விட்டுவிடுவான் போலிருக்கிறது. சுமக்கிறதெல்லாம் இவள்தான் சுமக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஷெட்டில் எல்லோரும் நின்றிருந்தார்கள். புகையண்ணன் மிஷினைத் துடைத்துக்கொண்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்த காண்ட்ராக்டர் முன்னால் மேசைமேல் வைத்தார். பெற்ற பிள்ளையைப் பிரிகிற மாதிரி அதன் வாரை மடித்து வைத்தார். துணிப் பட்டைகளை வாங்கிப்போகப் பூச்சி மேடமும் வந்திருந்தார்.

டார்ச்சக்கா முன்னால் வந்தாள். கசங்கிய கறுத்த பட்டையை மேடத்தின் கையில் வைத்தாள்.

"மேடம், இது அண்ணன் வீட்டுத் தொட்டில்ல இருந்தது. நீங்க வர்றதுக்கு முன்னாடி நான்தான் கொட்டிட்டுக் கழுவி வெச்சேன். மூணு வாரமா அங்க நான் எட்டிக்கூடப் பாக்கல. கோடு மட்டும் போட்டேன். டிரம்முல வளரல மேடம், நான் வெச்ச தொட்டில்ல வளந்துச்சு."

மேடம் பட்டையை விரித்துப் பார்த்தார்.

"மூணு வாரமா? அப்போ அந்த வரிசையைத் தாண்டிப் போயிருக்கும். நேத்து பூரா நான் கிடங்குலயே தேடிக்கிட்டிருந்தேனே!"

"தெரியும் மேடம். அதான் சொல்லிட்டேன்."

காண்ட்ராக்டருக்குக் கோபம் வரவில்லை. கணக்குதான் வந்தது. "நல்லதாப் போச்சு. ரெண்டு பேருமே கெளம்புங்க. மேடம், தப்பு செஞ்ச ஆளு இதோ, தானே ஒத்துக்கிச்சு. என் பக்கம் ஒண்ணுமில்ல."

"இருங்க சார்." நெட்டையன் முன்னால் வந்தான். "பாலத்துக்கு அந்தாண்ட இருக்கிற தொட்டிலையெல்லாம் நானும் ரெண்டு வாரமாப் பாக்கல. கோடு போட்டுட்டேன்."

"நானும்தான்" என்றாள் இன்னொருத்தி. "பள்ளிக்கூடத் தெரு பாதி பாக்கல."

பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். யார் முகமும் நிமிர்ந்திருக்கவில்லை. வீரம் பேசவில்லை அவர்கள், வெட்கத்தோடு சொன்னார்கள். முழுப் பூசணிக்காயை இத்தனை பேர் இத்தனை நாள் தனித்தனியாகச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் திருடன் என்று நினைத்திருந்தார்கள்.

"என்ன, மெரட்டுறீங்களா?" என்றார் காண்ட்ராக்டர்.

"மெரட்டல சார். உண்மையைச் சொல்றோம்" என்றாள் டார்ச்சக்கா. "பாதிப் பேரை அனுப்பினப்பவே நாங்க சொல்லியிருக்கணும். முடியாதுன்னு சொல்ல பயந்துகிட்டு, முடிஞ்ச மாதிரி கோடு போட்டோம். அந்தக் கோடு உங்களைத்தான் காப்பாத்துச்சு. அண்ணியைக் காப்பாத்தல."

"ஆளு எடுக்கிறது என் கையில இல்ல. மேல பேசிப் பாக்குறேன்" என்றார் மேடம். "ஆனா எந்தெந்த வீட்டை யாரும் பாக்கலைன்னு எனக்கு இன்னைக்கே தெரியணும்."

"ஸ்ட்ரைக் பண்ணுவோம்" என்றான் நெட்டையன். "எல்லாரும் உக்காந்துடுவோம்."

"உக்காந்தா கொசுவும் உக்காருமா?" என்றாள் டார்ச்சக்கா. "நாம நிறுத்தினா இன்னொரு வீட்டுல இன்னொரு அண்ணி படுப்பாங்க. வேலையை நிறுத்த வேணாம். பொய்யை நிறுத்துவோம். ஒரு ஆளால எவ்வளவு ஒழுங்காப் பாக்க முடியுமோ அவ்வளவுதான் பாப்போம். பாத்த வீட்டுக்குக் கோடு. பாக்க முடியாத வீட்டு வாசல்ல, கதவுக்குப் பின்னாடி இல்ல, முன்னாடி, பெருசா எழுதுவோம். இந்த வாரம் பார்க்கவில்லை, ஆள் இல்லைன்னு."

காண்ட்ராக்டர் எழுந்துவிட்டார். "கோடு இல்லாம எனக்கு பில் எப்படிம்மா பாஸாகும்?"

"அது உங்க கவலை சார். இத்தனை நாளு நாங்க பட்டுட்டோம்."

"அண்ணன் வந்தாத்தான் நாங்க வருவோம். அதையும் கேட்டுக்குங்க" என்றான் நெட்டையன்.

எல்லோரும் புகையண்ணனைப் பார்த்தார்கள். அவர் டார்ச்சக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றைய பார்வை இல்லை அது.

"அந்தத் தொட்டிலைச் சுத்திச் செங்கல் அடுக்கினது அவதான்" என்றார். "அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களைக் கிட்ட விட மாட்டா. கவர்மெண்டு சாமானுன்னு வெரட்டுவா."

அவர் மிஷினை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தார். காண்ட்ராக்டர் பின்னால் நின்று கத்தினார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வெளியே வந்தார்கள். முக்கில், வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்களில் சிலர் நின்றிருந்தார்கள். நெட்டையன் விஷயத்தைச் சொன்னதும் அவர்களும் ஆளுக்கொரு சாக்பீஸ் வாங்கிக்கொண்டார்கள்.

உச்சி வெயிலுக்குள் தெரு முழுக்க எழுத்து. வீட்டுப் பெண்கள் வெளியே வந்து படித்தார்கள். "ஏம்மா, எங்க வீட்டை மட்டும் ஏன் பாக்கல?" என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்தார். காரணம் சொன்னதும் சண்டை திசை மாறியது. "பாதிப் பேரை அனுப்பினவன் யாரு? அவன் ஆபீஸ் எங்க இருக்கு? நாங்க போய்க் கேக்குறோம்" என்று அடுத்த வீட்டையும் கூப்பிட்டார். காண்ட்ராக்டர் அன்று மாலைக்குள் எல்லோரையும் மாற்றிவிடுவேன் என்று போனில் சொல்லியனுப்பியிருந்தார். மாற்றவும் செய்யலாம். வரிசையில் நிற்க வேறு ஏழைகளா இல்லை?

ஒரு மாடி வீட்டின் மொட்டைமாடித் தொட்டியைப் பார்க்க டார்ச்சக்கா மூங்கில் ஏணியைச் சுவரில் சாய்த்தாள். பாதி ஏறியதும் ஏணி ஆடியது. கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பிடித்தாள். ஆட்டம் சட்டென்று நின்றது. குனிந்து பார்த்தாள். புகையண்ணன் மிஷினைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் ஏணியை அழுத்திப் பிடித்திருந்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தார்.

"ஏறு" என்றார்.

"அண்ணி எப்படி இருக்காங்கண்ணே?"

"கண்ணு முழிச்சா. ரெண்டு வாய் தண்ணி குடிச்சா. காய்ச்சல் இன்னும் எறங்கல." ஏணியைச் சுவரோடு இன்னும் அழுத்தினார். "உன்னைத்தான் கேட்டா. தங்கச்சி ஏன் பாக்க வரலைன்னு கேட்டா. நான் ஒண்ணும் சொல்லல. நான் சொல்லவும் மாட்டேன். சாயங்காலம் நீயே வந்து உன் வாயால சொல்லு."

இரண்டு கையாலும் ஏணிக் கம்பைப் பிடித்திருந்தாள். கண்ணீர் அதன்பாட்டுக்கு வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

"வரேண்ணே" என்றாள்.

"தனியாவா போவே?" அடுத்த வீட்டு வாசலில் எழுதிக்கொண்டிருந்த நெட்டையன் சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். ஏணியின் இன்னொரு காலைப் பிடித்தான். "எல்லாரும் வரோம்க்கா. நாங்களும்தானே பாக்கல."

புகையண்ணன் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. டார்ச்சக்கா மேலே ஏறி, இரண்டு கையாலும் தொட்டி மூடியைத் தூக்கி, உள்ளே குனிந்து பார்த்தாள். கீழே அவர்கள் ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.